சர்க்கரை நோய்ச் சுண்டெலியில் நரம்புப் பாதிப்பு: எங்கே தடுக்குகிறது, எப்படிச் சரிபார்ப்பது

சர்க்கரை நோயால் வரும் நரம்புப் பாதிப்பைச் சுண்டெலியில் ஆராயும் ஆய்வகங்களில் திரும்பத் திரும்ப ஒரே கோளாறுகள்தான் வருகின்றன. சர்க்கரை ஏறவில்லை, எலி செத்துவிட்டது, பாதத்தில் மெல்லிய இழையை அழுத்தி வலி உணர்வை அளக்கும் வான் ஃப்ரை சோதனையின் எண்கள் சிதறுகின்றன, தோலில் நரம்பு இழையே தெரியவில்லை. புதிதாகச் சேரும் ஆராய்ச்சி மாணவர்கள் வந்து கேட்பதும் இவற்றைத்தான். கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், புதிய எலிகள் வாங்க வேண்டிய நிலை கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே பாருங்கள். காரணம் தெரியாமல் அடுத்த தொகுதியைத் தொடங்கினால், எந்தப் பதிலும் தராத ஒரு சோதனைக்காக அத்தனை உயிர்களும் வலியைத் தாங்க வேண்டியிருக்கும்.

பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்ட சி57 பிளாக் 6 சுண்டெலிகளையும், மரபணுக் கோளாற்றால் பருமனும் சர்க்கரையும் வரும் டிபி/டிபி சுண்டெலிகளையும் மனதில் வைத்தே சொல்கிறேன். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைக் கொன்று சர்க்கரையை உண்டாக்கும் மருந்தான ஸ்ட்ரெப்டோசோடோசினை இனி எஸ்.டி.இசட். என்று சுருக்கிக்கொள்கிறேன்.

## அறிகுறி 1: ஊசி போட்டாயிற்று, சர்க்கரை ஏறவில்லை

சீக்கிரமே பார்த்துவிட்டீர்களா? கிலோவுக்கு 50 மி.கி. வீதம் தொடர்ந்து 5 நாள் போடும் முறையில் சர்க்கரை மெல்லத்தான் ஏறும். கடைசி ஊசிக்குப் பிறகு 2 வாரமாவது பொறுங்கள். மூன்றாம் நாளே அளந்து "மருந்து வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டி இன்னொரு டோஸ் போடுவதுதான் பல எலிகளைக் கொல்கிறது.

கரைசல் எப்போது கலந்தது? எஸ்.டி.இசட். தண்ணீரில் வேகமாகச் சிதையும். பிஹெச் 4.5 உள்ள சிட்ரேட் பஃபரில் கரைத்து, பனிக்கட்டியில் வைத்து, 15 நிமிடத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். முப்பது எலிகளுக்கும் சேர்த்து ஒரே குழாயில் கலந்தால், கடைசிப் பத்து எலிகளுக்குப் போவது பாதி செத்த மருந்து. தேவையான அளவுகளை முன்கூட்டியே தனித்தனிக் குழாய்களில் நிறுத்து வைத்துக்கொண்டு, ஐந்தாறு எலிகளுக்கு ஒரு குழாயாகக் கலந்து போடுங்கள். ஊசி போட்ட வரிசையைக் குறித்து வைத்திருந்தால் இதை உடனே கண்டுபிடித்துவிடலாம்: முன்னால் போட்ட எலிகளில் சர்க்கரை ஏறி, பின்னால் போட்டவற்றில் ஏறவில்லை என்றால் காரணம் இதுதான்.

பஃபரின் பிஹெச் இன்று பார்த்ததா? போன மாதம் செய்து வைத்ததை நம்பாதீர்கள். மீட்டரை அளவீடு செய்துவிட்டு அன்றைக்கே பாருங்கள்.

மருந்துப் புட்டி எப்படி இருந்தது? மைனஸ் 20 டிகிரியில், ஈரமில்லாமல், வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் மூடியைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படியும். சென்னை போன்ற கடலோர ஊரில் இது கொஞ்ச நேரத்தில் நடந்துவிடும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். இது புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள் என்பதால் கையுறையும் ஃப்யூம் ஹூடும் இல்லாமல் தொட வேண்டாம்.

பட்டினி போட்டீர்களா? ஊசிக்கு முன் 4 முதல் 6 மணி நேரம் போதும். எஸ்.டி.இசட். கணையத்தின் பீட்டா செல்லுக்குள் குளுக்கோஸ் நுழையும் அதே வாசல் வழியாகத்தான் போகிறது. வயிறு நிறைந்த எலியில் அங்கே குளுக்கோஸும் போட்டிக்கு நிற்கும்.

எந்த எலி? பெண் சுண்டெலிகள் இந்த மருந்தை ஆண்களை விட நன்றாகத் தாங்கும். பால்ப்-சி இனத்தில் ஏறுவது கடினம், டிபிஏ-2 இனத்தில் எளிது. சி57 பிளாக் 6 என்று கூண்டுச் சீட்டில் இருந்தாலும் ஜே கிளையா என் கிளையா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஜே கிளையில் என்.என்.டி. மரபணு பழுதாகியிருக்கிறது. குளுக்கோஸைக் கையாளும் விதம் இரண்டிலும் வேறு. கன்ட்ரோல் (சர்க்கரை உண்டாக்காத ஒப்பீட்டுக் குழு) ஒரு கிளையிலும் சர்க்கரைக் குழு இன்னொரு கிளையிலும் இருந்தால் அந்தச் சோதனையைக் காப்பாற்ற வழியில்லை.

இத்தனையும் சரியாக இருந்தும் பாதி எலிகளுக்கு மேல் ஏறவில்லை என்றால், உங்கள் இஷ்டத்துக்கு டோஸை ஏற்றாதீர்கள். விலங்கு நெறிமுறைக் குழுவிடம் திருத்தம் வாங்கி, புதிய மருந்து லாட்டில் ஒரு சிறு தொகுதியை வைத்துப் பாருங்கள்.

## அறிகுறி 2: ஊசி போட்ட இரண்டு நாளில் எலிகள் சாகின்றன

ஒரே டோஸாகக் கிலோவுக்கு 150 முதல் 200 மி.கி. வரை போடும் முறையில்தான் இது அதிகம். முதலில் சந்தேகப்பட வேண்டியது அதிக சர்க்கரையை அல்ல, தாழ்சர்க்கரையை. செத்துக்கொண்டிருக்கும் பீட்டா செல்கள் தங்களிடம் இருந்த இன்சுலினை மொத்தமாகக் கொட்டிவிடுகின்றன. அதனால் இரத்தச் சர்க்கரை சரிந்து, இரவோடிரவாக எலி போய்விடும்.

ஊசி போட்டவுடன் தீவனத்தைத் திரும்ப வையுங்கள். குடிநீரில் 10 சதவீதம் சுக்ரோஸ் கலந்து 48 மணி நேரம் கொடுங்கள். அன்று இரவே ஒரு முறை போய்ப் பாருங்கள். துவண்டு, உடல் சில்லிட்டுக் கிடக்கும் எலியின் சர்க்கரையை அளந்தால் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டு நாளைத் தாண்டி, ஒரு வாரம் கழித்து சாகின்றன என்றால் கதை வேறு. அது டோஸின் நச்சாக இருக்கலாம், சிறுநீரகமோ கல்லீரலோ பாதிக்கப்பட்டிருக்கலாம், ஊசி குடலில் குத்தியிருக்கலாம். இறந்த எலியை அப்படியே அப்புறப்படுத்தாமல் விலங்குக் கூட மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு எலிகள் இறந்தால் மூன்றாவதற்குக் காத்திருக்க வேண்டாம், அவரை உடனே கூப்பிடுங்கள்.

## அறிகுறி 3: சர்க்கரை எண்கள் நம்பும்படி இல்லை

### ஒரு நாள் 450 மி.கி./டெ.லி., மறுநாள் 220

அளந்த நேரம் ஒன்றாக இருந்ததா என்று முதலில் பாருங்கள். சுண்டெலி இரவில் சாப்பிடும் பிராணி. காலை 8 மணிக்கு அளந்த எண்ணையும் மாலை 4 மணிக்கு அளந்த எண்ணையும் ஒப்பிட முடியாது. பட்டினி நேரத்தையும் மாற்றக் கூடாது. இரவெல்லாம் பட்டினி போடுவது மனிதருக்கு வழக்கம், சுண்டெலிக்கு அது பெரிய தண்டனை. சர்க்கரை எலி அதில் எடையும் இழந்துவிடும்.

அப்புறம் பயம். எலியை இறுக்கிப் பிடித்து, வால் நுனியை வெட்டி, பத்து நிமிடம் போராடி எடுத்த சொட்டில் சர்க்கரை ஏறித்தான் இருக்கும். கூண்டு மாற்றிய நாளில் அளக்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்து அளப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கேடமினோடு சேர்த்துக் கொடுக்கும் சைலசின் இன்சுலின் சுரப்பை அடக்கி, நல்ல எலியிலும் சர்க்கரையை ஏற்றிவிடும். சர்க்கரையை அளந்து முடித்த பிறகுதான் அந்த மயக்க மருந்து.

### மீட்டர் "ஹை" என்று மட்டும் காட்டுகிறது

பல குளுக்கோமீட்டர்கள் 600-க்கு மேல் எண் தராது. டிபி/டிபி எலிகளில் இது வழக்கம். அதை 600 என்று எழுதிச் சராசரி போட்டால், உங்கள் மருந்து சர்க்கரையைக் குறைத்ததா என்ற கேள்விக்குப் பதிலே கிடைக்காது. பிளாஸ்மாவைப் பிரித்து ஆய்வக முறையில் அளப்பதுதான் வழி.

### ஏறிய சர்க்கரை சில வாரத்தில் இறங்கிவிட்டது

எஸ்.டி.இசட். எலிகள் சிலவற்றில் தப்பிப் பிழைத்த பீட்டா செல்கள் ஈடுகொடுக்கத் தொடங்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எல்லா எலிகளையும் அளந்துகொண்டே இருங்கள். எந்த எண்ணுக்குக் கீழே போனால் எலியை விலக்குவீர்கள் என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். 250 அல்லது 300 மி.கி./டெ.லி. என்று வைப்பது வழக்கம். முடிவுகளைப் பார்த்த பிறகு எல்லை வகுப்பது நேர்மையில்லை.

## அறிகுறி 4: எலிகள் மெலிகின்றன, கூண்டு நனைந்தே கிடக்கிறது

சர்க்கரை கட்டுக்கடங்காமல் போனால் சிறுநீர் மிக அதிகமாகப் போகும். வாரம் ஒரு முறை படுக்கை மாற்றும் வழக்கம் இந்தக் கூண்டுகளுக்குப் போதாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றுங்கள், தேவைப்பட்டால் தினமும். தண்ணீர்க் குப்பி இரவில் காலியாகிவிடுகிறதா என்றும் பாருங்கள். இது எலியின் நலனுக்கு மட்டுமான விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஈரத்திலேயே நிற்கும் பாதம் புண்ணாகும். அந்தப் பாதத்தில்தான் நீங்கள் வலி உணர்வை அளக்கப் போகிறீர்கள், அதே பாதத்திலிருந்துதான் தோலும் எடுக்கப் போகிறீர்கள்.

வாரம் இரு முறையாவது எடை பாருங்கள். எடை விழத் தொடங்கினால் குறைந்த அளவு நீண்ட நேர இன்சுலின் கொடுத்து எலியைத் தாங்க வைக்க முடியும். சர்க்கரையை முழுவதும் கட்டுப்படுத்தாமல் உயிரையும் எடையையும் காப்பாற்றும் அளவு அது. அந்த அளவை விலங்குக் கூட மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். தொடக்க எடையில் 20 சதவீதம் குறைந்தாலோ, எலி கூன் போட்டு உட்கார்ந்து முடி சிலிர்த்து நின்றாலோ, சோதனை நாளுக்கு இன்னும் ஒரு வாரம்தானே இருக்கிறது என்று இழுக்கக் கூடாது. நெறிமுறை அனுமதியில் எழுதிய முடிவுப் புள்ளி அதற்குத்தான் இருக்கிறது.

## அறிகுறி 5: வலி உணர்வுச் சோதனை எண்கள் சிதறுகின்றன

அதிக நேரம் வீணாவது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

### கன்ட்ரோல் எலிகளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை

பழக்கவில்லை என்பதுதான் முதல் காரணம். கம்பி வலை மேடையில் இரண்டு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரமாவது எலிகளைச் சும்மா விட வேண்டும். சோதனை நாளிலும் அவை சுற்றித் திரிவதையும் உடம்பைத் துடைப்பதையும் நிறுத்தி அடங்கிய பிறகே தொடங்குங்கள்.

அடுத்து, சோதிக்கும் ஆள். ஆண் ஆராய்ச்சியாளரின் வாசனையே சுண்டெலிக்கு மன அழுத்தம் தந்து வலி காட்டுவதைக் குறைக்கிறது என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே அறை. பாதி வாரம் நீங்கள், பாதி வாரம் நண்பர் என்று பிரித்துக்கொண்டால் எண்களும் இரண்டாகப் பிரிந்துதான் நிற்கும்.

அப்புறம் இழைகள். வான் ஃப்ரை இழை நைலான். காற்றின் ஈரத்தில் அதன் விறைப்பு மாறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எடுத்த எண்ணும் சித்திரை வெயிலில் எடுத்த எண்ணும் ஒத்துவராமல் போக இதுவே போதும். தராசுத் தட்டில் இழையை வளையும் வரை அழுத்தி, காட்டும் கிராமைப் பாருங்கள். எழுதியிருக்கும் எண்ணோடு பொருந்தாத இழையைத் தூக்கி வைத்துவிட்டுப் புதிது வாங்குங்கள். இழையைப் பாதத்தின் நடுவில் வையுங்கள், மெத்தைகளில் வேண்டாம். இழை லேசாக வளைந்ததும் இரண்டு மூன்று நொடி நிறுத்துங்கள். எலி நடப்பதற்காகக் காலை எடுத்ததை எதிர்வினை என்று எண்ணாதீர்கள்.

### சூட்டுச் சோதனையில் சர்க்கரை எலிகள் மட்டும் தாறுமாறு

இதில் எலி நிற்கும் கண்ணாடித் தரைக்குக் கீழிருந்து விளக்கின் வெப்பத்தைப் பாதத்தில் பாய்ச்சி, எத்தனை நொடியில் காலை எடுக்கிறது என்று பார்க்கிறோம். அந்தத் தரை நனைந்திருக்கிறதா? சர்க்கரை எலி அடிக்கடி சிறுநீர் விடும். ஈரத்தில் நிற்கும் பாதத்துக்கு வெப்பம் வேறு மாதிரி போய்ச் சேரும். ஒவ்வொரு அளவுக்கும் முன் துடைத்து உலர்த்துங்கள். எலி காலை எடுக்காவிட்டாலும் முன்பே தீர்மானித்த நொடியில் விளக்கை அணைத்துவிட வேண்டும். உணர்விழந்த பாதத்துக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும்.

### டிபி/டிபி எலி காலை எடுப்பதே இல்லை

நரம்பு மரத்துப் போயிருக்கலாம். உடல் கனத்தால் காலைத் தூக்க மனமில்லாமலும் இருக்கலாம். அது தலையைத் திருப்பிப் பாதத்தைப் பார்க்கிறதா, நக்குகிறதா என்று கவனித்தால் பாதிப் பதில் கிடைக்கும். ஒப்பிட வேண்டியது அதே வயது டிபி/+ (பழுதான மரபணு ஒரு பிரதி மட்டும் உள்ள, நோய் வராத) உடன்பிறப்புகளோடு. இந்த மாதிரியில் நடத்தைச் சோதனையை மட்டும் நம்பி நரம்புப் பாதிப்பு என்று எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

### ஒரு தொகுதியில் வலி கூடுகிறது, இன்னொன்றில் உணர்வு குறைகிறது

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். பல மாதிரிகளில் தொடக்கத்தில் உணர்வு மிகும், நாள் போகப் போக மழுங்கும். எந்த வாரத்தில் அளந்தீர்கள் என்று பாருங்கள். எஸ்.டி.இசட். எலிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. சர்க்கரை ஏறாத எலிகளிலும் இந்த மருந்து வலி நரம்புகளை நேரடியாகத் தாக்கி, சூட்டு உணர்வை மிகைப்படுத்தலாம். ஊசி போட்டும் சர்க்கரை ஏறாத எலிகளைத் தூக்கிப் போடாமல் தனிக் குழுவாக வைத்துச் சோதியுங்கள். அவற்றிலும் அதே உணர்வு மாற்றம் வந்தால், நீங்கள் பார்ப்பது சர்க்கரையின் வேலை இல்லை.

## அறிகுறி 6: நரம்புக் கடத்தல் வேகம் எல்லா எலிகளிலும் குறைவு, அல்லது வித்தியாசமே இல்லை

வெப்பம். மயங்கிய சுண்டெலியின் கால் சில நிமிடத்தில் குளிர்ந்துவிடும். குளிர்ந்த நரம்பு மெதுவாகக் கடத்தும். மலக்குடல் வெப்பத்தை 37 டிகிரியில் வைத்தால் மட்டும் போதாது, காலின் தோல் வெப்பத்தையும் அளந்து 32 முதல் 34-க்குள் நிறுத்துங்கள். குளிர்சாதனக் காற்று நேராக மேசைமேல் வீசினால் மேசையை நகர்த்துங்கள். மெலிந்த சர்க்கரை எலி கன்ட்ரோலை விட வேகமாகக் குளிரும் என்பதால், இதைக் கவனிக்காவிட்டால் இல்லாத நரம்புப் பாதிப்பும் எண்ணில் வந்துவிடும்.

தூரம். நரம்பை மின்சாரத்தால் தூண்டும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சுமார் 20 மி.மீ.தான் இருக்கும். ஒரு மி.மீ. தவறினால் வேகத்தில் 5 சதவீதம் தவறு. எல்லா எலிகளிலும் காலை ஒரே கோணத்தில் நீட்டி, டேப் போட்டு நிறுத்தி, காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள்.

தூண்டல். பதிவாகும் அலை இனி உயராது என்ற நிலைக்கு மேலும் கொஞ்சம் கூட்டித் தூண்ட வேண்டும். மின் இரைச்சல் 50 ஹெர்ட்ஸில் சீராக வந்தால் எர்த் இணைப்பைப் பாருங்கள். பதிவு செய்யும் அந்த ஒரு நொடி ஹீட்டிங் பேடை அணைத்துப் பாருங்கள்.

வயது. இளம் எலியின் நரம்பு வேகம் வளர வளர ஏறும். ஆறு வார எலியில் சர்க்கரையை உண்டாக்கினால், பின்னால் தெரியும் வித்தியாசம் நரம்பு கெட்டதாலா, வளர்ச்சி நின்றதாலா என்று பிரிக்க முடியாது. வளர்ந்த எலியில் தொடங்குங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒரே கன்ட்ரோல் எலியில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு பதிவுகள் பொருந்தவில்லை என்றால் கருவியைப் பராமரிக்கும் பொறியாளரைக் கூப்பிடுங்கள். மனிதர்களுக்கு இந்தச் சோதனை செய்யும் நரம்பியல் டெக்னீஷியன் ஒருவரை ஒரு நாள் பக்கத்தில் உட்கார வைத்தாலும் நிறையத் தெளியும்.

## அறிகுறி 7: தோலில் நரம்பு இழைகள் தெரியவில்லை

அடித்தோலில் உள்ள தடித்த நரம்புக் கற்றைகள் சாயம் ஏறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

அவையும் தெரியவில்லை என்றால் சாயமேற்றும் வேலைதான் பழுது. தோலை ஃபார்மலினில் நாள்கணக்கில் ஊற வைத்திருக்கலாம். திசுவைப் பதப்படுத்தும் ஜம்போனி கரைசலில் ஓரிரவு வைத்து, 30 சதவீத சுக்ரோஸுக்கு மாற்றுவது பாதுகாப்பான வழி. நரம்பு இழைகளைக் காட்டும் பிஜிபி 9.5 ஆன்டிபாடி முயலில் தயாரித்ததாக இருக்கட்டும். சுண்டெலியில் தயாரித்த ஆன்டிபாடியைச் சுண்டெலித் தோலிலேயே போட்டால் பின்னணி முழுக்க ஒளிரும்.

கற்றைகள் தெரிகின்றன, மேல்தோலுக்குள் ஏறும் மெல்லிய இழைகள்தான் இல்லை என்றால் வெட்டைப் பாருங்கள். 30 முதல் 50 மைக்ரான் தடிமன் வேண்டும். 5 மைக்ரான் பாரஃபின் வெட்டில் இழை துண்டு துண்டாகத்தான் தெரியும். சாய்வாக வெட்டியிருந்தாலும் எண்ணிக்கை பொய்யாகும்.

எண்ணும் விதியையும் எழுதி ஒட்டி வையுங்கள். அடித்தோலுக்கும் மேல்தோலுக்கும் நடுவிலுள்ள எல்லையைக் கடக்கும் இழையை மட்டுமே எண்ண வேண்டும். மேலே போய்க் கிளை பிரிந்தாலும் ஒன்றுதான். மேல்தோலுக்குள் தனியாகத் தெரியும் துண்டு கணக்கில் சேராது. எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் எண்ண வேண்டும். இரண்டு பேர் எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் தோல் பயாப்சி பார்த்துப் பழகிய நோய்க்கூறு மருத்துவரிடம் சில ஸ்லைடுகளைக் காட்டுங்கள்.

கன்ட்ரோலில் இழைகள் நன்றாகத் தெரிந்து, சர்க்கரை எலியிலும் அதே அளவு இருந்தால், காலம் போதாமல் இருக்கலாம். வழக்கமாகக் கடத்தல் வேகம் முதலில் குறையும், தோல் இழை இழப்பு அப்புறம்தான் வரும். மனிதரிடம் பல ஆண்டுகளில் வரும் பெரிய நரம்புச் சிதைவை ஒரு சில மாதச் சுண்டெலியில் எதிர்பார்க்க வேண்டாம். ஐரோப்பிய நீரிழிவு ஆய்வாளர்களின் நியூரோடயப் குழு 2014-இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கை, நடத்தை, கடத்தல் வேகம், நரம்பின் அமைப்பு ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டில் வித்தியாசம் இருந்தால்தான் நரம்புப் பாதிப்பு என்று சொல்லச் சொல்கிறது. அந்த அளவுகோலையே நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 8: மருந்து கொடுத்ததும் எல்லாமே சரியாகிவிட்டது

இதைக் கோளாறு என்று யாரும் நினைப்பதில்லை. மற்ற எல்லாவற்றையும் விட ஆபத்தானது இதுதான் என்று நான் நினைக்கிறேன். மேலே சொன்னவை எல்லாம் சோதனையை நிறுத்திவிடும். இது பத்திரிகையில் ஏறிவிடும்.

மருந்தை எந்த நாளில் தொடங்கினீர்கள்? எஸ்.டி.இசட். போடும்போதோ அதற்கு முன்போ தொடங்கியிருந்தால், மருந்து பீட்டா செல்லையே காப்பாற்றியிருக்கலாம். நம் ஊரில் மூலிகைச் சாறுகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் இதை அடிக்கடிப் பார்க்கிறேன். நல்ல எதிர் ஆக்சிகரணி எதுவும் எஸ்.டி.இசட்.டின் தாக்குதலைக் குறைக்கக்கூடும். அப்போது அந்த எலிக்குச் சர்க்கரை நோயே சரியாக வரவில்லை. நரம்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. சர்க்கரை ஏறி நிலைத்து, நரம்புப் பாதிப்பும் தொடங்கிய பிறகு மருந்தைத் தொடங்குங்கள்.

இரண்டு குழுக்களின் சர்க்கரையும் எடையும் ஒன்றா? மருந்துக் குழுவில் சர்க்கரை குறைந்திருந்தால், நரம்பு தேறியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பயனுள்ள முடிவுதான், ஆனால் நரம்பைக் காக்கும் மருந்து என்று அதற்குப் பெயர் வைக்கக் கூடாது. இன்சுலின் மட்டும் கொடுத்த ஒரு குழு இருந்தால் இதைப் பிரித்தறியலாம்.

எலி தூங்கி வழிகிறதா? மயக்கம் தரும் எந்தப் பொருளும் வான் ஃப்ரை எண்ணை உயர்த்தும். சுழல் தண்டில் ஓட விட்டு, தடுமாறுகிறதா என்று பாருங்கள்.

சோதித்தவருக்குக் குழு தெரியுமா? நனைந்த கூண்டும் வாடையுமே சர்க்கரை எலியைக் காட்டிக்கொடுத்துவிடும். சோதனைக்கு முன் எல்லா எலிகளையும் புதுக் கூண்டுக்கு மாற்றி, வேறொருவர் மேடையில் வைக்கட்டும். மருந்துக் குழு எது என்பதையாவது முழுவதும் மறைத்துவிட முடியும்.

கடைசியாகக் கணக்கு. ஒரு எலியின் இரண்டு பாதங்கள் இரண்டு எலிகள் ஆகாது, ஒரு பயாப்சியின் பத்து வெட்டுகள் பத்து எலிகள் ஆகா. எலிக்கு ஒரு எண் என்று சுருக்கிய பிறகும் வித்தியாசம் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால், எலிகளைக் கூட்டிக்கொண்டே போகும் முன் உயிரியல் புள்ளியியலாளர் ஒருவரிடம் இதுவரை கிடைத்த எண்களைக் கொடுத்து, எத்தனை எலி தேவைப்படும் என்று கேளுங்கள். அவர் தரும் எண்ணிக்கையோடு நெறிமுறைக் குழுவுக்குத் திருத்தம் எழுதுங்கள்.